கரை மட்டும் காரணமா? கடற்பாசிக் கொழுப்பமில ஒப்பீடும் காவிரி நீரும்

ஒரே இனக் கடற்பாசியை இரு கரைகளில் எடுத்துப் பகுத்து, கொழுப்பமில அளவு வேறுபட்டால் இடமே காரணம் என்று முடித்துவிடுவது எளிது. அம்முடிவு போதாது. பாசியின் செல்லுக்குள் வேலை செய்பவை வெப்பம், உவர்ப்பு, ஒளி, தழைச்சத்து ஆகியவையே. இவை பருவத்தோடு மாறுபவை.

மண்டபம் என்ற கடலோர ஊர் இதைச் சோதிக்கச் சிறந்த களம். குறுகிய நிலத்துக்கு வடக்கே ஆழம் குறைந்த, சேறு கலங்கும் பாக் விரிகுடா. தெற்கே பவளப்பாறைகள் கொண்ட மன்னார் வளைகுடா. தென்மேற்குப் பருவத்தில் தென்கரை கொந்தளிக்கும், வடகரை அடங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் இந்நிலை மாறிவிடும். பாசி எடுக்கும் மீனவப் பெண்கள் கஞ்சிப்பாசி என்றழைக்கும் கிராசிலேரியா எடுலிஸ் இருபுறமும் வளர்கிறது.

குளிர்நீரில் செல்சவ்வு இறுகாதிருக்கப் பாசிகள் நிறைவுறாக் கொழுப்பமிலங்களைக் கூட்டுகின்றன. ஆனால் சில கிலோமீட்டர் இடைவெளியில், ஆண்டு முழுதும் வெதுவெதுப்பான நீரில், இவ்விளக்கம் அதிகம் உதவாது. தழைச்சத்தையே முதலில் பார்க்க வேண்டும். அது குறைந்தால் வளர்ச்சி தளரும். ஒளிச்சேர்க்கையில் சேர்ந்த கரிமத்தின் ஒரு பங்கு சேமிப்புக் கொழுப்பாகும். அதில் பால்மிட்டிக் போன்ற நிறைவுற்ற அமிலங்கள் மிகுதி. அப்போது சவ்விலுள்ள நிறைவுறா அரக்கிடோனிக் அமிலம் துளியும் குறையாமலே அதன் விழுக்காடு குறையும். ஒரு கிராம் உலர்பாசியில் 10 மில்லிகிராம் கொழுப்பமிலம் இருந்து, அதில் 10 விழுக்காடு அரக்கிடோனிக் என்றால் கிடைப்பது 1 மில்லிகிராம். 20 மில்லிகிராமில் 8 விழுக்காடு என்றால் 1.6 மில்லிகிராம். விழுக்காட்டை மட்டும் அச்சிடும் அட்டவணை இரண்டாம் பாசியைத் தாழ்த்திக் காட்டும். இதை நான் கடுமையான குறையாகவே கருதுகிறேன்.

கரைநீரின் தழைச்சத்தையும் உவர்ப்பையும் மாற்றுவதில் ஆற்றுநீருக்கும் பங்குண்டு. இங்கேதான் திருச்சிராப்பள்ளி வருகிறது. 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டப்பட்டது முதல், ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தில் எவ்வளவு நீர் இறங்கும், தெற்கே காவிரியில் எவ்வளவு போகும் என்பது பெரிதும் மனிதர் கையில் இருக்கிறது. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் வெள்ளத்தின் காலமும் அப்படியே. கொள்ளிடம் பழையாறு அருகே, கோடியக்கரைக்கு வடக்கே கடலில் விழுகிறது. முக்கொம்பில் மதகுகள் உடைந்த 2018 ஆகஸ்ட் வெள்ளம் போன்றது கடல் சேரும் பருவத்தில் கரையோர நீரோட்டம் பொதுவாகத் தெற்கு நோக்கி இருப்பதில்லை. நவம்பரில் அது தெற்கே திரும்பி, வங்கக்கடலின் உவர்ப்புக் குறைந்த நீரைப் பாக் விரிகுடாவுக்குக் கொண்டுவருகிறது. கோரையாறு போன்ற கிளையாறுகள் முத்துப்பேட்டை வழியாக நேராகவே அங்கு கலக்கின்றன. ஆகவே மாதிரி எடுத்த தேதியும், அதற்கு முந்தைய வாரங்களில் ஆற்றில் திறந்த நீரின் அளவும் இல்லாத கரை ஒப்பீடு அரைகுறையானது.

இவ்வாதத்தைச் சோதிக்கலாம். மண்டபத்தின் இரு கரைகளிலும் ஒரே வாரத்தில், ஒரே வளர்நிலையிலுள்ள கஞ்சிப்பாசியை மாதந்தோறும் எடுத்து, கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என அளக்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் வேறுபாடு விரிந்து கோடையில் சுருங்கினால் நீரே காரணம். ஆண்டு முழுதும் ஒரே அளவில் நின்றால், இரு கரைப் பாசிகளும் மரபணுவிலேயே பிரிந்தவையாக இருக்கலாம். அப்போது என் வாதம் நிற்காது.