டோலியிலிருந்து களச் சிகிச்சை வரை: இந்தியப் படையில் மருத்துவ உதவியாளர் பணியின் வளர்ச்சி

முன்னுரை

படை மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் அறுவை மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆயினும், குண்டடிபட்டு விழுந்தவரை முதலில் சென்றடைபவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். பட்டம் பெறாத உதவியாளரே. இந்தியப் படையில் இவரது பணி, சுமப்பவர் ஒருவர், சிகிச்சை அளிப்பவர் மற்றொருவர் என்ற பிரிவினையுடன் தொடங்கி, அப்பிரிவினை படிப்படியாகத் தளர்ந்ததன் வழியே வளர்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இருவேறு பணிகள்

கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற படைவீரர்களுக்காக 1664இல் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கப்பட்ட மருத்துவமனையே பின்னாளில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையாக வளர்ந்தது. அதனுடன் இணைந்து 1835இல் திறக்கப்பட்ட மருத்துவப் பள்ளி, 1850இல் கல்லூரி எனப் பெயர் பெறுவதற்கு முன்பே, படைக்கு வேண்டிய துணைநிலைப் பணியாளரைப் பயிற்றுவிக்கும் நோக்குடன் இயங்கியது. அங்கு ஐரோப்பிய, யூரேசிய இளைஞர்கள் மருந்து கலந்து கொடுக்கும் ‘அப்பாத்திகரி’களாகவும், இந்தியர்கள் புண்ணைக் கழுவிக் கட்டும் ‘டிரஸ்ஸர்’களாகவும் உருவாக்கப்பட்டனர்.

காயம்பட்டவரைச் சுமந்துவந்தவர்களோ வேறொரு கூட்டத்தார். டோலி என்பது கழியில் தொங்கவிடப்பட்டுத் துணியால் மூடப்பட்ட படுக்கை. அதைத் தூக்கியவர்கள், வடஇந்தியாவில் பல்லக்குத் தூக்குவதைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த கஹார் முதலிய சாதியினர். அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது தோள்வலிமையே. மருத்துவ அறிவு டிரஸ்ஸரோடு நின்றுவிட்டது.

நேட்டால் முன்னோட்டம்

இப்பிரிவினை சற்றே தளர்ந்த ஒரு நிகழ்வு இந்தியாவுக்கு வெளியே, தென்னாப்பிரிக்கப் போரில் காணக்கிடைக்கிறது. 1899இன் இறுதியில் காந்தியடிகள் நேட்டாலில் திரட்டிய மருத்துவ உதவிப் படையில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தனர். இவர்களுள் சுமார் 300 பேர் சுதந்திர இந்தியர். எஞ்சியோர் ஒப்பந்தத் தொழிலாளர். சென்னையிலிருந்து 1860 முதல் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் நேட்டாலின் ஒப்பந்தத் தொழிலாளருள் பெரும்பகுதியினர் என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது. களத்திற்குப் புறப்படுமுன் தலைவர்கள் டாக்டர் பூத் என்பவரிடம் செவிலியப் பயிற்சி பெற்றனர். 1900 ஜனவரியில் ஸ்பியான் கோப் போரின்போது, குண்டு விழும் எல்லைக்குள் செல்லத் தேவையில்லை என்ற முந்தைய ஏற்பாட்டைக் கடந்து, இவர்கள் காயம்பட்டோரைத் தூக்குப்படுக்கைகளில் ஏற்றி ஒரே நாளில் 20 முதல் 25 மைல் வரை நடந்தனர். ஆறு வாரங்களில் கலைக்கப்பட்டாலும், தூக்குவோருக்கும் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் இப்படையின் அமைப்பிலேயே தென்படுகிறது.

மெசபடோமியாவின் பாடம்

முதல் உலகப்போர் பழைய ஏற்பாட்டின் குறையை அப்பட்டமாக்கியது. 1915 நவம்பரில் மெசபடோமியாவின் தெசிபோனில் நடந்த போருக்குப் பின், எலும்பு முறிந்தவர்களும் வயிற்றில் காயம்பட்டவர்களும் வில்தட்டு இல்லாத கோவேறு கழுதை வண்டிகளில் குலுங்கியபடியே ஆற்றங்கரைக்குக் கொண்டுவரப்பட்டு, நெரிசல் மிகுந்த படகுகளில் பஸ்ரா சென்றடைந்தனர். இந்த அவலத்தை ஆராய்ந்த மெசபடோமியா ஆணையத்தின் அறிக்கை 1917இல் வெளிவந்து பெரும் கண்டனத்தை எழுப்பியது. அடுத்த ஆண்டில், படைப்பிரிவுதோறும் இருந்த சிறு மருத்துவமனைகளுக்கு மாற்றாக இந்தியப் படைவீரர்களுக்கும் நிலைய மருத்துவமனைகள் அனுமதிக்கப்பட்டன. 1920இல் மருத்துவமனைப் பணியாளரையும் தூக்குவோரையும் ஒரே அமைப்பில் சேர்த்த இந்திய மருத்துவமனைப் படை உருவானது. இதற்குப்பின் தூக்குபவரும் மருத்துவமனைப் பணியாளரும் ஒரே படையினர். 1943 ஏப்ரல் 3 அன்று மருத்துவர், துணைநிலை மருத்துவர், இம்மருத்துவமனைப் படையினர் ஆகிய மூவகையினரும் இந்திய இராணுவ மருத்துவப் படை என்ற ஒரே பெயரின்கீழ் வந்தனர்.

கொரியாவும் அதன் பின்னும்

இவ்விணைப்பு கொரியப் போரில் சோதனைக்குள்ளானது. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் சென்ற 60ஆவது பாராசூட் களமருத்துவப் பிரிவு, 1950 டிசம்பரில் பியாங்யாங்கிலிருந்து பின்வாங்க நேர்ந்தபோது, கைவிடப்பட்ட இரயில் என்ஜின் ஒன்றை இயக்கித் தன் மருத்துவக் கருவிகளை மீட்டுச் சென்றது. 1951 மார்ச் 23 அன்று முன்சான்னியில் அமெரிக்க வான்குடைப் படையினருடன் இப்பிரிவினர் 12 பேர் குதித்தனர். வானிலிருந்து இறங்கும் சிறு குழுவில் சுமப்பதற்கென்று தனி ஆட்களை வைத்துக்கொள்ள இயலாது. ஆகவே அங்கு ஒவ்வொருவரும் பல பணிகளுக்கும் ஆயத்தமாக இருக்கவேண்டியதாயிற்று.

போர்க்கள மருத்துவ உதவியாளருக்கு இன்று அளிக்கப்படும் பயிற்சியின் திசையை 2001 முதல் 2011 வரை ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் நிகழ்ந்த 4,596 அமெரிக்கப் படையினரின் இறப்புகளை ஆராய்ந்த ஆய்வு தெளிவுபடுத்துகிறது. அவர்களுள் 87 விழுக்காட்டினர் மருத்துவமனையை அடையும் முன்பே இறந்தனர். காப்பாற்றியிருக்கக்கூடும் எனக் கருதப்பட்டவர்களுள் பத்தில் ஒன்பது பேரின் இறப்புக்குக் குருதிப்போக்கே காரணம். எனவே, கைகால்களில் குருதிக்குழாயை அழுத்தி அடைக்கும் டூர்னிகே என்னும் இறுக்குப்பட்டையைக் கட்டுவது இப்பயிற்சியில் முதலிடம் பெறுகிறது. சுவாசவழியைச் சீராக்குவதும் நெஞ்சறையில் அடைபட்ட காற்றை ஊசியால் வெளியேற்றுவதும் உடன் கற்பிக்கப்படுகின்றன.

முடிவுரை

மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் படித்தவர்களே இன்று மருத்துவப் படையில் செவிலிய உதவியாளராகச் சேர இயலும். லக்னோவில் உள்ள அப்படையின் மையம் அவர்களுக்குப் போர்ப்பயிற்சியையும் மருத்துவப் பயிற்சியையும் அளிக்கிறது. அதற்கும் அப்பால், காலாட்படைச் சிப்பாய்களிலிருந்தே சிலர் போர்க்களச் செவிலிய உதவியாளராகப் பயிற்றப்படுகின்றனர். 1835இல் டிரஸ்ஸரோடு நின்றிருந்த அறிவு, துப்பாக்கி ஏந்திய சிப்பாயின் கைக்கு வந்து சேர்ந்திருப்பதே இவ்வளர்ச்சியின் சாரம்.