பரண் மேல் கிடக்கும் இரும்புக்கை: தமிழ் காமிக்ஸ் மறுபதிப்புகளின் கதை



நம் குடியிருப்பில் பாதிப் பேருக்கு மேல் வேலைக்காக இந்தப் பக்கம் வந்தவர்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் ஆலைகள் வந்த பிறகு விருதுநகர், மதுரை, திருநெல்வேலி, சேலம் என்று பல ஊர்களிலிருந்து இங்கே குடியேறியிருக்கிறோம். சொந்த ஊரில் அப்பா அம்மா இருந்த வீட்டை இப்போது ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டிருக்கிறோம். அப்படிக் காலி செய்யும்போது பரணிலிருந்து இறங்கும் பழைய டிரங்குப் பெட்டியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதன் அடியில் உள்ளங்கை அளவில், அட்டை கிழிந்த காமிக்ஸ் புத்தகங்கள் பத்து இருந்தால், எடைக்குப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சிவகாசியில் தொடங்கியது

தமிழில் படக்கதை புதிதல்ல. தினத்தந்தியில் 1960-ல் தொடங்கிய கன்னித்தீவு இன்னும் கரை சேரவில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் ஒரு முழுக்கதை ஒரே புத்தகமாக, கடையில் தொங்கும் காமிக்ஸாக நம் கைக்கு வந்ததில் சிவகாசிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே சௌந்தரபாண்டியன் 1972-ல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். தொடக்க கால ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. நாட்காட்டியும் தீப்பெட்டி லேபிளும் அச்சடித்த ஊரில் காமிக்ஸ் பிறந்ததில் வியப்பில்லை. மெஷினும் மையும் தாளும் கைதேர்ந்த ஆட்களும் அங்கேதான் இருந்தார்கள்.

1984 ஜூலையில் ஒரே மாதத்தில் இரண்டு புதிய இதழ்கள் வந்தன. ஒன்று, சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் பதின்வயதிலேயே தொடங்கிய லயன் காமிக்ஸ். மற்றொன்று, தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ். லயனில் மாடஸ்டி வந்தாள். பிறகு ஸ்பைடரும், 'சட்டித்தலையன்' என்று நாம் செல்லமாகக் கூப்பிட்ட ரோபோ ஆர்ச்சியும் வந்தார்கள். ராணியில் ஜேம்ஸ் பாண்டும் முகமூடி வீரர் மாயாவியும். பேய்க்கதை வேண்டியவர்களுக்குச் சிவகாசியிலிருந்தே 'திகில்' என்று தனி இதழ் வந்தது. அதில் வந்த கறுப்புக் கிழவியின் கதைகளைப் படித்துவிட்டு, இரவில் கொல்லைப்புறம் போகத் துணைக்கு ஆள் தேடியவர்கள் நம் சங்கத்திலும் இருப்பார்கள்.

யார் வரைந்த கை?

அந்த நாளில் நாம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இதையெல்லாம் வரைந்தது யார்?

இரும்புக்கை மாயாவியின் சொந்த ஊர் லண்டன். 1962 அக்டோபரில் தொடங்கிய 'வேலியண்ட்' என்ற வார இதழில் அவன் முதலில் வந்தான். பெயர் லூயிஸ் கிராண்டல், ஆய்வுக்கூட உதவியாளன். ஒரு கை போய், இரும்புக்கை பொருத்தப்பட்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், கை மட்டும் தெரியும். முதலில் எழுதியவர் கென் புல்மர், பிறகு டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்தக் காலப் பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அங்கேயே இல்லாத பெயர் சாத்தூர் பஸ் ஸ்டாண்டு கடைக்கு எப்படி வந்து சேரும்?

ஸ்பைடர் கதை இன்னும் சுவாரசியமானது. 1965-ல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரையத் தொடங்கிய கதை அது. சில மாதங்களில் எழுதும் பொறுப்பு ஜெர்ரி சீகலுக்கு வந்தது. அவர் வேறு யாருமல்ல, சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். 1938-ல் அவரும் நண்பர் ஜோ ஷுஸ்டரும் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டு, பின்னர் காலமெல்லாம் வழக்காடினார்கள். அந்த மனிதர் எழுதிய கதையைத்தான் நீங்கள் அரைப்பரீட்சை விடுமுறையில் அவர் பெயரே தெரியாமல் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

இந்தப் பெயர்களை நாம் இன்று தெரிந்துகொள்வதற்குப் பெரிய காரணம் மறுபதிப்புகள். கதையைத் திரும்பக் கொடுப்பதோடு, விட்டுப்போன பெயர்களையும் அவை திருப்பித் தருகின்றன.

தடையும் மீட்பும்

காமிக்ஸ் என்றால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் இருந்ததல்ல. அமெரிக்காவில் 1954-ல் பிரெடரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் இதையே ஒரு புத்தகமாக எழுதினார். செனட் குழு விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதியைப் போட்டுக்கொண்டார்கள். அதோடு ஈ.சி. நிறுவனத்தின் பேய்க்கதை இதழ்கள் மூச்சை நிறுத்தின. பிரிட்டன் 1955-ல் சட்டமே கொண்டுவந்தது. பிறகு 1958-ல் பேய்ப்படங்களைப் பற்றிய 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்' என்ற பத்திரிகையைத் தொடங்கிய ஜேம்ஸ் வாரன், 1964-ல் 'க்ரீப்பி'யைக் கொண்டுவந்தார். அது காமிக்ஸ் அளவில் இல்லாமல் பத்திரிகை அளவில் வந்ததால் அந்தக் கட்டுப்பாட்டு விதி அதற்குப் பொருந்தவில்லை.

ஒரு காலத்தில் செனட் வரை இழுக்கப்பட்ட அதே ஈ.சி. கதைகள் பின்னாளில் கெட்டி அட்டைத் தொகுப்புகளாக வந்தன. 'க்ரீப்பி' இதழ்களை டார்க் ஹார்ஸ் நிறுவனம் 2008 முதல் வரிசையாகத் தொகுத்தது. பிரிட்டனில் 1984-ல் 15 இதழ்களோடு நின்றுபோன 'ஸ்க்ரீம்' பேய் இதழில் வந்த 'மான்ஸ்டர்' தொடரை ரெபெல்லியன் நிறுவனம் 2016-ல் புத்தகமாக்கியது. அதே நிறுவனம் 2018-ல் பழைய பிரிட்டிஷ் வார இதழ்களின் பெரும் கிடங்கையும் வாங்கிக்கொண்டது. மாயாவியும் ஸ்பைடரும் ஆர்ச்சியும் அந்தக் கிடங்கில்தான் இருந்தார்கள்.

ஆங்கிலத்தில் மாயாவிக்கு 2005-ல் டைட்டன் நிறுவனம் ஒரு தொகுப்பு போட்டது. அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே, வாரம் இரண்டு பக்கமாக வந்த தொடரை ஒரே கதைப் புத்தகமாகக் கோத்துச் சிவகாசி நம் கையில் கொடுத்துவிட்டது. இதில் நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

டை இருந்தால் பாகம் செய்யலாம்

மறுபதிப்பு என்றால் பழைய புத்தகத்தை ஜெராக்ஸ் எடுப்பது என்று நினைத்துவிடாதீர்கள். உங்களில் பலர் பிரஸ் ஷாப்பிலும் டூல் ரூமிலும் வேலை செய்பவர்கள், ஆகவே உங்கள் மொழியிலேயே சொல்கிறேன். ஒரு கார் மாடல் நின்ற பிறகும் ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டு ஆள் வருவார்கள். டையும் டிராயிங்கும் பத்திரமாக இருந்தால் பாகம் செய்யலாம். அவை இல்லையென்றால், ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு பழைய வண்டியிலிருந்து பாகத்தைக் கழற்றி அளவெடுக்க வேண்டும்.

காமிக்ஸுக்கு டை என்பது அச்சுப் பிலிம். பிலிமோ வெளிநாட்டு மூலப் பக்கமோ கிடைக்காதபோது, மிச்சமிருக்கும் ஒரு நல்ல பிரதியை ஸ்கேன் செய்து, கறையையும் மறுபக்க மையின் நிழலையும் நீக்கி, விட்டுப்போன கோட்டைச் சரிசெய்து அச்சுக்கு அனுப்புகிறார்கள். அந்த நல்ல பிரதியும் ஒரு வாசகர் வீட்டில்தான் இருக்கும். உங்கள் பரணில் இருப்பது எடைக்குப் போனால், அளவெடுக்க வண்டியே இல்லை என்றாகிவிடும்.

இன்னொரு வேலை உரிமை வாங்குவது. கதை யாருடையதோ அவர்களிடம் அனுமதி பெற்றுப் பணம் கட்ட வேண்டும். நாம் வாங்கும் விலையில் அதுவும் அடங்கும்.

தமிழில் இந்த வேலையை நீண்ட காலம் தூக்கிச் சுமந்தது லயன்-முத்து குழுவே. மறுபதிப்புகளுக்கென்றே 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' என்ற வரிசையை நடத்தினார்கள். 2010-ல் இரத்தப்படலத்தின் பல பாகங்களை ஒரே தடிமனான கறுப்பு வெள்ளைப் புத்தகமாகத் தந்தார்கள். 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' வந்த பிறகு நல்ல தாள், வண்ணம், பெரிய அளவு என்று பாணியே மாறியது. 2015-ல் மின்னும் மரணம் முழுத்தொகுப்பாக வந்தது. மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ மும்மூர்த்திகளும் மறுபடி வந்தார்கள். 2022-ல் முத்து காமிக்ஸுக்குப் பொன்விழாவும் நடந்தது. ராணி காமிக்ஸ் கதை வேறு. ஐநூறு இதழ் கண்டு 2005-ல் நின்றுவிட்டது. அதன் பிறகு பழைய இதழ்களுக்கு, பழைய புத்தகக் கடைக்காரர் சொன்னதுதான் விலை.

விலையும் ஒரு கேள்விதான்

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அன்று பஸ் டிக்கெட் மிச்சத்தில் வாங்கிய கதைக்கு இன்று சில நூறு ரூபாய் ஆகிறது. மின்னும் மரணம் தொகுப்பு 2015-ல் வந்தபோது அதற்கு ஆயிரம் ஆனது. சந்தா கட்டுபவர்களை நம்பிக் குறைந்த பிரதிகளே அச்சாவதால் விலையைக் குறைக்கவும் வழியில்லை. வாங்குபவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். நாம் நம் பள்ளிக்கூட நாளைத் திரும்ப வாங்குகிறோம். நம் பிள்ளைகள் அந்தப் பக்கமே வருவதில்லை.

இது எனக்குக் கவலையாக இருக்கிறது. நம் குடியிருப்புக் குழந்தைகள் தமிழ் நன்றாகப் பேசுகிறார்கள். ஒரு பக்கம் படிக்கச் சொன்னால் திணறுகிறார்கள். நம்மில் பலருக்குத் தமிழ் வேகமாகப் படிக்க வந்தது பாடப்புத்தகத்தால் அல்ல. அடுத்த கட்டத்தில் மாயாவி தப்பித்தானா என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தால் வந்தது. அந்த அவசரம் இப்போதும் வேலை செய்யும். புத்தகம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்தால் மட்டும் செய்யாது.

நீங்கள் செய்யக்கூடியவை

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்துவைத்தார். அன்று பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்த அந்தச் சேகரிப்பு, 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. குப்பைக்கும் ஆவணத்துக்கும் நடுவே சில நேரம் ஒரே ஒரு ஆளின் பிடிவாதம்தான் நிற்கிறது.

நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பெட்டியைத் திறந்து பாருங்கள். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் அதுவே தாளைத் தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம். இராமபாணம் அண்டாமல் காற்றோட்டமான, ஈரமில்லாத இடத்தில், வெயில் படாமல் வையுங்கள். என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அட்டையோடு முழுசாக இருக்கும் பிரதியைத் தனியாக எடுத்துவையுங்கள். ஒருநாள் அதைத் தேடி ஒரு பதிப்பாளரோ நூலகமோ வரக்கூடும்.

வாங்க முடிந்தவர்கள் ஒரு மறுபதிப்பை வாங்கி, படித்து முடித்ததும் நம் சங்க அறை அலமாரியில் வையுங்கள். பழைய பிரதி பத்திரமாகப் பெட்டியில் இருக்கட்டும். புதிய பிரதி பிள்ளைகள் கையில் அழுக்காகட்டும். மறுபதிப்பு போடுவதே அதற்காகத்தான்.