சயனோபேஜ்

சயனோபேஜ் என்பது நீலப்பச்சைப்பாசி எனப்படும் சயனோபாக்டீரியாக்களைத் தாக்கிப் பெருகும் தீநுண்மம் (வைரசு) ஆகும். நீலப்பச்சைப்பாசிகள் பாசி என்று அழைக்கப்பட்டாலும், இவை கரு இல்லாத உயிரணுக்களைக் கொண்ட பாக்டீரியாக்களே. எனவே சயனோபேஜ்கள் பாக்டீரியாக்களைத் தாக்கும் தீநுண்மங்களான பாக்டீரியோபேஜ்களின் ஒரு பிரிவாகக் கருதப்படுகின்றன. இவை நன்னீரிலும் கடல்நீரிலும் காணப்படுகின்றன. மனிதர்களுக்கோ விலங்குகளுக்கோ இவை நோயை உண்டாக்குவதில்லை.

ஓம்புயிர்கள்

கடலில் வாழும் சயனோபேஜ்களின் முதன்மையான ஓம்புயிர்கள் புரோகுளோரோகாக்கசு, சினெகோகாக்கசு ஆகிய இரு பேரினங்கள் ஆகும். புரோகுளோரோகாக்கசு ஏறத்தாழ 0.6 மைக்ரோமீட்டர் விட்டமே உடையது. அறியப்பட்ட ஒளிச்சேர்க்கை உயிரினங்களுள் இதுவே மிகச் சிறியது. வெப்பமண்டல, மிதவெப்பமண்டலக் கடல்களில் இது பெருமளவில் வாழ்கிறது. கடல்களில் நடைபெறும் மொத்தக் கரிம நிலைப்படுத்தலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்விரு பேரினங்களாலும் நிகழ்வதாக மதிப்பிடப்படுகிறது.

கண்டுபிடிப்பு

முதல் சயனோபேஜ் 1963 ஆம் ஆண்டில் சாபர்மன், மாரிசு ஆகியோரால் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள ஒரு கழிவுநீர்க் குட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அது லிங்பியா, பிளெக்டோனிமா, பொர்மிடியம் ஆகிய மூன்று பேரினங்களைத் தாக்கியதால், அவற்றின் உரோம முதலெழுத்துகளைக் கொண்டு எல்.பி.பி.-1 எனப் பெயரிடப்பட்டது.

கடல்நீரில் தீநுண்மங்கள் மிகுந்திருப்பது 1989 இல் வெளியான ஆய்வுகளுக்குப் பின்னரே பரவலாக உணரப்பட்டது. ஒரு மில்லிலீட்டர் கடல்நீரில் ஒரு கோடி அளவிலான தீநுண்மத் துகள்கள் இருக்கலாம். 1993 இல் வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் சினெகோகாக்கசைத் தாக்கும் சயனோபேஜ்களைக் கடலிலிருந்து பிரித்தெடுத்தன. புரோகுளோரோகாக்கசைத் தாக்குபவை பற்றிய ஆய்வை மாசாச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சாலி சிசம் குழுவினர் 2003 இல் வெளியிட்டனர்.

அமைப்பு

அறியப்பட்ட பெரும்பாலான சயனோபேஜ்கள் இருபதுமுகி வடிவத் தலையும் ஒரு வாலும் உடையவை. தலைக்குள் இரட்டை இழை டி.என்.ஏ. அமைந்துள்ளது. வாலின் தன்மையைக் கொண்டு இவை மூன்றாகப் பிரிக்கப்பட்டன:

மயோவைரசுகள் - சுருங்கக்கூடிய நீண்ட வால் உடையவை.
போடோவைரசுகள் - குட்டையான வால் உடையவை.
சைபோவைரசுகள் - சுருங்காத நீண்ட வால் உடையவை.

2022 இல் பன்னாட்டு வகைப்பாட்டுக் குழு இம்மூன்றையும் குடும்பங்கள் என்ற நிலையிலிருந்து நீக்கியது. எனினும் வடிவத்தைக் குறிக்க இப்பெயர்கள் தொடர்ந்து பயன்படுகின்றன. போடோவைரசுகள் பெரும்பாலும் மிகச் சில ஓம்புயிர் வகைகளை மட்டுமே தாக்குகின்றன. மயோவைரசுகளில் சில, புரோகுளோரோகாக்கசு, சினெகோகாக்கசு இரண்டையும் தாக்க வல்லவை.

ஒளிச்சேர்க்கை மரபணுக்கள்

சயனோபேஜ்களின் தனிச்சிறப்பு, ஒளிச்சேர்க்கைக்குரிய மரபணுக்களை இவை தம்முள் கொண்டிருப்பதாகும். 2003 இல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கலசு மான் குழுவினர், எஸ்-பி.எம்.2 என்னும் சயனோபேஜில் இத்தகைய மரபணுக்களைக் கண்டறிந்தனர். இவை ஒளியமைப்பு 2 இன் மையத்தில் உள்ள டி1, டி2 ஆகிய புரதங்களை உருவாக்குபவை. இம்மரபணுக்கள் முன்பு ஓம்புயிர்களிடமிருந்து பெறப்பட்டவை.

இதற்கான காரணம் டி1 புரதத்தின் இயல்பில் உள்ளது. இப்புரதம் ஒளியால் விரைவில் சிதைவதால், உயிரணு அதனை இடைவிடாது புதிதாக உருவாக்க வேண்டும். தீநுண்மம் உட்புகுந்த பின் ஓம்புயிரின் மரபணுச் செயற்பாடு குறைகிறது. அந்நிலையில் டி1 உற்பத்தி நின்றுவிட்டால் ஒளிச்சேர்க்கையும் தளர்ந்து, தீநுண்மம் பெருகத் தேவையான ஆற்றல் கிடைக்காது. தன் சொந்த மரபணுவைக் கொண்டு டி1 புரதத்தை உருவாக்குவதன் மூலம் தீநுண்மம் இக்குறையை ஈடு செய்கிறது. தீநுண்ம மரபணுவிலிருந்து இப்புரதம் உண்மையிலேயே உருவாகிறது என்பதை 2005 இல் டெபி லிண்டெல் முதலானோர் காட்டினர்.

ஆயினும் இவ்வாற்றல் ஓம்புயிருக்குப் பயன்படுவதில்லை. கால்வின் சுழற்சியைத் தடுக்கும் சிபி12 என்னும் புரதத்துக்கான மரபணுவும் பல சயனோபேஜ்களில் உள்ளது. இதனால் ஒளியாற்றல் பெறப்படுவது தொடர்ந்தாலும் கரியமில வாயு சர்க்கரையாக மாற்றப்படுவது குறைகிறது. பெறப்பட்ட ஆற்றல் தீநுண்மத்தின் டி.என்.ஏ.வை உருவாக்கத் திருப்பிவிடப்படுகிறது. தாக்குண்ட சினெகோகாக்கசில் கரிம நிலைப்படுத்தல் குறைவதை 2016 இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. ஆகவே ஒளிச்சேர்க்கை இயங்குவதை மட்டும் கொண்டு கடல் உள்வாங்கும் கரிமத்தைக் கணக்கிட்டால், அது மிகையான மதிப்பீடாக அமையக்கூடும்.

எதிர்ப்புத் திறன்

தாக்குதலில் தப்பிய பாக்டீரியாக்கள் எதிர்ப்புத் திறன் பெறுகின்றன. புரோகுளோரோகாக்கசில் இது பெரும்பாலும் உயிரணுவின் மேற்பரப்பை மாற்றும் மரபணுப் பிறழ்வுகளால் ஏற்படுவதாக 2011 இல் அறியப்பட்டது. ஆனால் இத்திறனுக்கு ஒரு விலை உண்டு. எதிர்ப்பு பெற்றவற்றுள் சில மெதுவாக வளர்கின்றன. வேறு சில, மற்றொரு தீநுண்மத்துக்கு எளிதில் இரையாகின்றன. இதனால் இரு தரப்பும் அழியாமல் நீண்டகாலம் சேர்ந்து வாழ முடிகிறது.

சூழலியல் முக்கியத்துவம்

தொற்றின் முடிவில் உயிரணு வெடித்து, புதிய தீநுண்மங்களுடன் அதன் உட்பொருள்களும் நீரில் கலக்கின்றன. அவற்றிலுள்ள கரிமம், நைட்ரசன், பாசுபரசு, இரும்பு ஆகியவற்றைப் பிற நுண்ணுயிர்கள் பயன்படுத்துகின்றன. மிதவை விலங்குகளுக்கும் அவற்றின் வழியே மீன்களுக்கும் சென்றிருக்க வேண்டிய உணவின் ஒரு பகுதி, இவ்வாறு நுண்ணுயிர்களிடையே சுழல்கிறது. மறுபுறம், வெடித்த உயிரணுக்களின் ஒட்டும் பொருள்கள் திரண்டு ஆழ்கடலுக்கு மூழ்குவதால் கரிமம் நீண்டகாலம் அங்கே தங்கவும் கூடும். இவ்விரு விளைவுகளில் எது மேலோங்கும் என்பது கடல் பகுதிக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுபடுகிறது. இதனால் காலநிலை மாற்ற ஆய்வுகளில் சயனோபேஜ்கள் கவனம் பெறுகின்றன.