மரம் முளைத்த மைதானம்

ஒரு புகைப்படத்தை எதிரே வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். முதல் பார்வைக்கு ஏதோ தோப்பு மாதிரி இருக்கிறது. நடுவில் பச்சைப் புல்தரை. சுற்றிலும் மண்மேடு. மேட்டின் மேல் மரங்கள் தாறுமாறாக வளர்ந்திருக்கின்றன. கொஞ்சம் உற்றுப் பார்த்தால்தான் அந்த மேட்டில் படிகள் இருப்பது புலப்படுகிறது. படிகளுக்கு நடுவே இரும்புக் கம்பித் தடுப்புகள். கூட்டம் முண்டியடித்துச் சரிந்துவிடாமல் இருப்பதற்காக ஒரு காலத்தில் போட்டவை. இப்போது சரிவதற்கு அங்கே யாரும் இல்லை. ஜனங்கள் நின்ற இடத்தில் மரங்கள் நின்று வேடிக்கை பார்க்கின்றன.

இடம், ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரம். மைதானத்தின் பெயர் காத்கின் பார்க். தேர்ட் லானார்க் என்று ஒரு கால்பந்துக் கோஷ்டி இருந்தது. அதன் சொந்த வீடு இது. 1967-ஆம் வருஷம் அந்தக் கோஷ்டி மறைந்து போயிற்று. கோஷ்டி மறைந்தது என்று சொன்னால் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றாமல் இருக்கலாம். எனக்கும் முதலில் தோன்றவில்லை. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் மனசு என்னவோ செய்தது.

பழைய கால்பந்துக் கதை சொல்லுங்கள் என்று ஒரு கிளாஸ்கோக்காரரைக் கேட்டால், அநேகமாக லிஸ்பனில்தான் ஆரம்பிப்பார். 1967 மே 25-ஆம் தேதி அந்தப் போர்த்துக்கல் நகரத்தில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதிப் பந்தயம். ஒரு பக்கம் கிளாஸ்கோவின் செல்டிக். மறுபக்கம் இத்தாலியின் இன்டர் மிலான். பணமும் புகழும் படைத்த கோஷ்டி. ஏழாவது நிமிஷத்திலேயே பெனால்டியில் ஒரு கோல் போட்டுவிட்டு, இனி இவர்களை உள்ளே விடக்கூடாது என்று கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டார்கள் இத்தாலியர்கள். செல்டிக் ஆட்டக்காரர்கள் விடாமல் முட்டி மோதிப் பின்பாதியில் இரண்டு கோல் போட்டு ஜயித்தார்கள். அந்தக் கோப்பை பிரிட்டிஷ் தீவுக்கு வந்தது அதுவே முதல் தடவை. இதில் கதை எழுதுகிறவனை மயக்கும் விஷயம் ஒன்று உண்டு. அன்று ஆடிய பதினொரு பேரும் செல்டிக் மைதானத்துக்கு முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். மானேஜர் ஜாக் ஸ்டீன் இளம் வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். நாவலில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

அந்த வெற்றிக்குச் சரியாக இருபத்தேழு நாட்களுக்கு முன்னால், ஏப்ரல் 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, அதே கிளாஸ்கோவின் தேர்ட் லானார்க் அருகிலுள்ள டம்பார்ட்டன் ஊருக்குப் போய் ஐந்துக்கு ஒன்று என்று தோற்றுத் திரும்பியது. அதுதான் அதன் கடைசி ஆட்டம். கல்யாண வீட்டு மேளத்தில் அடுத்த தெருச் சாவு காதில் விழாது அல்லவா?

அதன் பிறப்பையும் சொல்லிவிட வேண்டும். 1872 நவம்பர் 30-ஆம் தேதி, கிளாஸ்கோவை அடுத்த பார்ட்டிக்கில் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் கால்பந்து ஆடின. உலகத்தில் இரு தேசங்களுக்கு இடையே நடந்த முதல் சர்வதேசப் பந்தயம் என்று இதைத்தான் கணக்கில் வைத்திருக்கிறார்கள். சுமார் நாலாயிரம் பேர் பார்த்தார்கள். இரு தரப்பிலும் கோல் விழவில்லை. ஸ்காட்லாந்துத் தரப்பில் ஆடியவர்கள் அனைவரும் குயீன்ஸ் பார்க் என்ற ஒரே சங்கத்தைச் சேர்ந்தவர்கள். ஆங்கிலேயர்கள் பந்து கிடைத்தால் அதைத் தாமே தள்ளிக்கொண்டு எதிரிகளுக்குள் புகுந்து ஓடுவது வழக்கம். ஆளுக்கு ஆள் ஒரு வீரப் பிரதாபம். ஸ்காட்லாந்துக்காரர்கள் பந்தைத் தம் ஆளுக்குத் தட்டிக்கொடுத்து, அவன் இன்னொருவனுக்குத் தட்டிக்கொடுத்து, கூடி ஆடினார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் ஆடப்படுவது இந்தக் கூடி ஆடும் ஆட்டம்தான். பிற்பாடு ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்கள் இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போனபோது அவர்களுக்குப் ‘பேராசிரியர்கள்’ என்று பட்டப் பெயர் ஏற்பட்டது. காலால் பாடம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர்கள்!

இந்தப் பந்தயம் நடந்த பன்னிரண்டாம் நாள், டிசம்பர் 12-ஆம் தேதி, மூன்றாவது லானார்க்ஷயர் துப்பாக்கித் தொண்டர் படையினர் கூடித் தமக்கும் ஒரு கோஷ்டி வேண்டும் என்று தீர்மானித்தார்கள். படையின் பெயரே கோஷ்டியின் பெயராயிற்று. சட்டையின் நிறம் சிவப்பு. அடுத்த வருஷம் ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கத்தைத் தொடங்கிய எட்டு கோஷ்டிகளில் இதுவும் ஒன்று. 1890-இல் லீக் தொடங்கியபோது அதிலும் முதல் வரிசை. கூரையைத் தாங்கிய தூண்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1889-இல் அவர்கள் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்ற கதை வேடிக்கையானது. இறுதிப் பந்தயத்தன்று ஒரே பனி. மைதானம் வெள்ளைப் போர்வை போர்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பனியிலேயே ஆடி செல்டிக்கை மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். ஆனால் இதெல்லாம் ஓர் ஆட்டமா என்று மறுபடி ஆடச் சொன்னார்கள். ஜயித்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்! மறுவாரம் மறுபடி ஆடி, இரண்டுக்கு ஒன்று என்று மறுபடியும் ஜயித்தார்கள். அந்த இரண்டு ஆட்டமும் நடந்தது குயீன்ஸ் பார்க்கின் அப்போதைய ஹாம்ப்டன் மைதானத்தில். 1903-இல் குயீன்ஸ் பார்க் சங்கம் பக்கத்திலேயே பெரிய ஹாம்ப்டன் கட்டிக்கொண்டு குடிபோனது. காலி செய்த பழைய இடத்துக்குத் தேர்ட் லானார்க் வந்து, காத்கின் பார்க் என்று பெயர் வைத்தது. என் புகைப்படத்தில் இருக்கும் தோப்பு அதுதான். புது வீட்டுக்கு வந்த ராசியோ என்னவோ, 1904-இல் லீக் பட்டம், 1905-இல் மறுபடியும் கோப்பை. அப்புறம் அவ்வளவு பெரிய வெற்றி எதுவும் வரவில்லை. ஏறுவதும் இறங்குவதுமாக ஒரு நடுத்தரக் குடும்பத்து வாழ்க்கை.

ஆனால் வெற்றிக்காகவா ஜனங்கள் போனார்கள்? சனிக்கிழமை அரைநாள் வேலை. கிளைடு நதிக்கரையில் கப்பல் கட்டுகிறவர்களும், பட்டறைகளில் ரயில் எஞ்சின் செய்கிறவர்களும் மத்தியானம் வெளியே வந்தால், மூன்று மணிக்குப் பந்தயம். தலையில் தொப்பி, சட்டைப் பையில் வாரக் கூலி. வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் அந்தக் கூலியில் எவ்வளவு கரைந்தது என்பதை மனைவிமார்களைக் கேட்டால் இவ்வளவு இனிமையாகச் சொல்லமாட்டார்கள். வாசலில் சிறுவர்கள் காத்திருப்பார்கள். “ஐயா, என்னையும் தூக்கி விடுங்களேன்” என்று முன்பின் தெரியாத பெரியவரிடம் கேட்பார்கள். அவரும் பையனைத் தூக்கிச் சுழல் கதவுக்கு மேலாக உள்ளே இறக்கிவிடுவார். காசு கிடையாது. இப்படித் தூக்கிவிடப்பட்டு முதல் ஆட்டம் பார்த்த கிழவர்கள் கிளாஸ்கோவில் ஏராளம்.

அந்தக் கூட்டத்தின் அளவை எண்ணிக்கையில் சொன்னால்தான் புரியும். 1937 ஏப்ரல் 17-ஆம் தேதி ஹாம்ப்டனில் இங்கிலாந்தை ஸ்காட்லாந்து மூன்றுக்கு ஒன்று என்று வென்றபோது பார்த்தவர்கள் 1,49,415 பேர். அடுத்த சனிக்கிழமையே செல்டிக்கும் அபர்டீனும் ஆடிய கோப்பை இறுதிப் பந்தயத்துக்கும் ஏறக்குறைய அதே கூட்டம். அந்த ஹாம்ப்டனிலிருந்து பொடிநடையாகப் போனால் சில நிமிஷத்தில் காத்கின் பார்க். பெரிய கோயில் கோபுரத்தின் நிழலில் ஒரு சின்னக் கோயில் மாதிரி அது இருந்தது.

சின்னக் கோயிலுக்கும் பக்தர்கள் உண்டு. கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ் என்றால் புராடெஸ்டண்டுகள்; செல்டிக் என்றால், ஐயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் கத்தோலிக்கர்களின் வயிற்றுப்பாட்டுக்காக 1887-இல் தோன்றியது. இரண்டும் மோதினால் பந்து மட்டுமா உதைபடும்? இந்தச் சண்டை வேண்டாம் என்கிறவர்களுக்கு, தெற்குப் பகுதிக்காரர்களுக்கு, தேர்ட் லானார்க் இருந்தது. “ஹை ஹை” என்று கத்துவார்கள். கோஷ்டிக்கே ‘ஹை ஹை’ என்று செல்லப் பெயர். என்ன மதம் என்று கேட்காத கோஷம்.

இங்கே ஒரு கிளைக்கதை. 1936-இல் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் ஆட்டக்காரர் முகம்மது சலீம் கிளாஸ்கோவுக்குப் போய்ச் செல்டிக்கின் இரண்டாம் அணியில் பரீட்சை ஆட்டம் ஆடினார். வெறுங்காலில்! பாதங்களில் துணிக்கட்டுச் சுற்றிக்கொண்டு ஆடினார். செல்டிக் பயிற்சியாளர் ஜிம்மி மக்மெனமி குனிந்து அவர் காலில் கட்டுப் போடும் புகைப்படம் ஒன்று இருக்கிறது. நம்மை ஆண்டவர்களின் நாட்டில், ஒரு வெள்ளைக்காரர் நம்மவர் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் காட்சி. பத்திரிகைகள் புகழ்ந்தன. ஆனால் சலீமுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது, கப்பலேறித் திரும்பிவிட்டார். அதே 1936-இல் தேர்ட் லானார்க் கடைசி முறையாக ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிக்கு வந்து, ரேஞ்சர்ஸிடம் ஒரே கோலில் தோற்றது.

அணையப் போகிற விளக்கு ஒருமுறை பிரகாசிக்கும் என்பார்கள். 1960-61 பருவத்தில் 34 ஆட்டங்களில் தேர்ட் லானார்க் சரியாக நூறு கோல் போட்டது. கடைசி ஆட்டத்தில், காத்கினில், ஹிபர்னியனை ஆறுக்கு ஒன்று என்று அடித்து நூறை எட்டினார்கள். அலெக்ஸ் ஹார்லி என்ற ஒருவர் மட்டும் லீகில் 42 கோல். வாங்கிய கோல்கள் எத்தனை தெரியுமா? எண்பது. கஞ்சத்தனமே இல்லாத கோஷ்டி. மூன்றாவது இடம் கிடைத்தது. இதைப் பார்த்த ஒருவரிடம், இன்னும் ஆறு வருஷத்தில் இந்தக் கோஷ்டி இருக்காது என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

1962-லேயே ஹார்லியும் ஹில்லியும் இங்கிலாந்துக் கோஷ்டிகளுக்கு விற்கப்பட்டார்கள். 1964-65-இல் 34 ஆட்டத்தில் ஜயித்தது மூன்று, தோற்றது முப்பது. கீழ்ப் பிரிவுக்கு இறங்கினார்கள். அதற்குப் பிறகு சொல்லப்படும் கதைகளைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வாசலில் வசூலான சில்லறைக் காசுகளில் கொடுக்கப்பட்டது என்கிறார்கள். குளிக்க வெந்நீர் கிடையாது என்கிறார்கள். மைதானத்தை விற்று வீடு கட்டினால் லாபம் என்று நிர்வாகத்தின் உச்சியில் இருந்தவர் கணக்குப் போட்டார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு. கோஷ்டி மூழ்கிய பிறகு சர்க்கார் விசாரணையும் நடந்தது.

ஒரே ஒரு வில்லன் இருந்தால் கதை எழுதுவது சுலபம். என் தொழிலில் நானும் அதைச் செய்திருக்கிறேன். ஆனால் அந்த வருஷங்களில் நகரமே இடம் பெயர்ந்துகொண்டிருந்தது. தெற்குப் பகுதியில் கார்பல்ஸ் போன்ற நெரிசலான குடியிருப்புகளை இடித்து, ஜனங்களைக் காஸில்மில்க், ஈஸ்ட் கில்பிரைடு என்று தொலைவில் குடியேற்றினார்கள். குழாயும் கழிப்பறையும் உள்ள வீடு கிடைத்தது. வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? 1962-இல் டிராம் வண்டிகள் நின்றன. நடந்து போகும் தூரத்தில் இருந்த ரசிகர், இரண்டு பஸ் மாறி வரவேண்டியவரானார். வீட்டில் டெலிவிஷன் வேறு. நிர்வாகம் கொன்றது உண்மைதான். ஆனால் கொல்லும்போது தடுப்பதற்குப் பக்கத்து வீட்டில் ஆள் இல்லை.

பழைய படிக்கட்டுகளை நினைத்து உருகுகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1971 ஜனவரி 2-ஆம் தேதி, ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஆட்டம் முடிந்து இறங்கும்போது ஒரு படிக்கட்டில் கூட்டம் சரிந்து 66 பேர் மாண்டார்கள். தோளோடு தோள் உரசி நின்ற சுகத்துக்குள் இதுவும் இருந்தது. இன்று உட்கார நாற்காலி இருக்கிறது, யாரும் மிதிபடுவதில்லை. அது குறைந்த விஷயம் அல்ல.

இருந்தாலும் என் மனசு ஓர் எண்ணிக்கையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. 1967 ஏப்ரல் 25, செவ்வாய்க்கிழமை. காத்கினில் கடைசி ஆட்டம். எதிரி, குயீன் ஆஃப் தி சவுத். மூன்றுக்கு மூன்று. பார்த்தவர்கள் 325 பேர். இதுதான் கடைசி என்று அவர்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்காது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி வந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும் போல இருக்கிறது. ஐம்பது வயதிருக்கும். யாரோ ஒரு பெரியவர் சிறுவயதில் அவரைச் சுழல் கதவுக்கு மேலே தூக்கிவிட்டிருப்பார். 1936 தோல்வியும் பார்த்தவர். நூறாவது கோலும் பார்த்தவர். தமக்கென்று ஒரு தடுப்புக் கம்பி, அதில் முழங்கையை ஊன்றும் ஓரிடம்.

கோடையில் கோர்ட்டு உத்தரவுப்படி கோஷ்டி கலைக்கப்பட்டது. ஆகஸ்டில் புதிய பருவம் தொடங்கியது. முதல் சனிக்கிழமை மத்தியானம் அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்திருப்பார் என்று நினைக்கிறேன். ஊரெல்லாம் லிஸ்பன் பேச்சு. செல்டிக்குக்குப் போகலாமே என்று யாராவது சொல்லியிருக்கலாம். இத்தனை வயதுக்கு மேல் எப்படிப் போவது? மூன்று மணி ஆகியிருக்கும். வீட்டுக்குள்ளிருந்து, எங்கேயாவது கிளம்புகிறீர்களா என்று மனைவி கேட்டிருப்பாள்.