ஒட்டி வாழும் கிருமியும் இரங்கூன் கிருஷ்ணசாமியும்

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைச் சூழ்ந்த பெருவெள்ளத்தைக் கோத்தா திங்கி, சிகாமட் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வடிந்தபின் வெறுங்காலுடன் சேற்றை வாருவது நம் வழக்கம். ஈர மண்ணில் வாழும் கொடிய கிருமி ஒன்றின் வரலாற்றில் கிருஷ்ணசாமி என்னும் பெயர் உண்டென்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் அறிதல் நன்று.

1911ஆம் ஆண்டில் இரங்கூனில் ஆல்பிரட் விட்மோர் என்னும் ஆங்கில மருத்துவரும் அவர்தம் உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனையின்போது புதியதொரு பாக்டீரியாவைக் கண்டனர். 1912இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. ஆயினும் 'விட்மோர் நோய்' என்ற பெயரே வழங்கலாயிற்று. (பெயரை நோக்கின் கிருஷ்ணசாமி தென்னிந்தியர் என ஊகிக்கலாம்.) பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஸ்டாண்டனும் பிளெட்சரும் 1921இல் இதற்கு 'மெலியோய்டோசிஸ்' எனப் பெயரிட்டனர்.

குணமடைந்தவர்க்கும் இந்நோய் மீள்வது மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாயிருந்த ஓர் அமெரிக்கருக்கு 62 ஆண்டுகள் கழித்து இந்நோய் வெளிப்பட்டதாக 2005இல் மருத்துவ இதழொன்று தெரிவித்தது!

இத்திகைப்பைத் தீர்க்க உதவிய அறிவு வேறிடத்தில் வளர்ந்தது. கடல்நீர்ப் பாக்டீரியாக்கள் மிதப்பதைவிடக் கண்ணாடிப் பரப்பில் ஒட்டியே செழிக்கின்றன எனக் குளோட் ஸோபெல் 1943இல் எழுதினார். பாக்டீரியா முதலில் மெல்லத் தொடும். பின் இறுகப் பற்றும். பல்கிப் பெருகித் தன்னைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளாலான பசையைச் சுரந்து குடியிருப்பு அமைக்கும். காலையில் பல்லில் படிந்திருக்கும் மாவும், தண்ணீர்த் தொட்டியின் உட்புற வழவழப்பும் இத்தகைய உயிரிப்படலங்களே. உள்ளிருக்கும் பாக்டீரியாக்கள் சோம்பிக் கிடப்பதால், வளரும் கிருமியைத் தாக்கும் மருந்து அவற்றிடம் தோற்கிறது. பில் காஸ்டர்டன் 1978இல் இக்கருத்தைப் பரப்பினார். அவரே தாய்லாந்து ஆய்வாளர்களுடன் இணைந்து, இரங்கூனில் கண்டறியப்பட்ட கிருமியும் பசைக்குள் கூட்டமாய் வளர்வதை 1995இல் மின்னணு நுண்ணோக்கியால் காட்டினார். நோய் மீள்வதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

நீரிழிவு உடையோரையே இந்நோய் மிகுதியும் தாக்குகிறது. நம் இல்லங்களில் நீரிழிவு அரிதன்று. முதலில் பத்து நாள்களுக்குக் குறையாமல் ஊசி மருந்து, பின்னர் மூன்று மாதங்கள் மாத்திரை என்பதே சிகிச்சை. காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்துவோரிடமே நோய் பெரும்பாலும் திரும்புகிறது.