உலக்கையிலிருந்து கட்டைக்கு

விருதுநகரை ஒட்டிய சூலக்கரையும் அதன் சுற்றுவட்டாரமும் கரிசல் பூமி. மானாவாரியாகக் கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த இந்நிலத்தில், அரைவை மில்கள் பரவும்வரை தானியத்தை உணவாக்கும் வேலை முழுவதும் பெண்களையே சார்ந்திருந்தது. நீர் தெளித்துப் பிசறிய கம்பை உரலிலிட்டு, இருவர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போடுகையில் தோள், முதுகு, தொடை, கெண்டைக்கால் ஆகிய பெருந்தசைகள் யாவும் ஒருசேர இயங்கின. எடைக்கு எதிராகத் தசையை இயக்கி வலுவூட்டும் பயிற்சியென இன்றைய மருத்துவர்கள் பரிந்துரைப்பது ஏறத்தாழ இதுவே. ஆயினும் அதைப் பொற்காலம் எனக் கொள்வதற்கில்லை. உழைப்பு தசையாக மாறுவதற்குப் புரதமும் ஓய்வும் வேண்டும்; பஞ்சமும் அடுத்தடுத்த பிள்ளைப்பேறும் வாட்டிய வீடுகளில், எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உண்டவளுக்கு அவ்விரண்டும் அரிதாகவே கிட்டின.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், மழை பொய்த்த ஊர்களின் பெண்களை மெல்ல மெல்ல உட்காரவைத்தது. ஊர் வழக்கில் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ எனப்படும் ஆலைகளில் கட்டை அடுக்குதல் பெண்களின் வேலையாயிற்று. பள்ளம் வெட்டிய மெல்லிய மரச் சக்கைகளில் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பரப்பி, சக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டத்தில் இறுக்கி, மருந்தில் முக்குவதற்கு அனுப்புவதே இவ்வேலை. கட்டு ஒட்டுதல், பட்டாசு ஆலைகளில் வெடிக்குத் திரி வைத்தல், சரம் பின்னுதல் ஆகியவற்றிலும் வேகம் விரலுக்கே உரியது. கூலி எண்ணிக்கைக்கு என்பதால் இடையில் எழுந்து நடப்பது வருமானத்தைக் குறைக்கும். இவ்வேலையில் எந்த வயதில் அமர்ந்தார்கள் என்பதும் முக்கியம்: தசைவலு இருபது, முப்பது வயதுகளில் உச்சத்தை எட்டுகிறது. அந்த உச்சத்தின் அளவைச் சிறுவயது உணவும் ஓட்டமும் பெரிதும் தீர்மானிக்கின்றன. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பு வழங்குவதற்கு முன், ஓடியாட வேண்டிய வயதில் கட்டைமுன் அமர்ந்த சிறுமியரே இன்று மாதவிடாய் நிற்கும் வயதை எட்டியும் கடந்தும் இருப்பவர்கள்.

ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை இயக்குநீர் தசைமீதும் செயல்படுவது. தசையிழையை ஒட்டி உறங்கிக்கிடந்து, சேதம் நேர்கையில் விழித்துச் சீர்செய்யும் துணைச்செல்களுக்கும் அதன் தூண்டுதல் வேண்டும். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதையொட்டி அச்சுரப்பு வற்றும்போது, மெல்லத் தேய்ந்துவந்த வலு விரைந்து சரிகிறது. 1993இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்று இதைக் கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் இழுக்கும் சிறுதசையில் அளந்து காட்டியது. இயக்குநீர் மருந்து பெற்ற பெண்களிடம் அச்சரிவு காணப்படவில்லை. பின்வந்த ஆய்வுகள் யாவும் அம்மருந்தின் பயனை ஒப்பவில்லை என்றாலும், தேர்ந்தெடுத்த தசை கவனத்துக்குரியது: யாவரும் நாள்தோறும் பயன்படுத்தும் விரல் என்பதால், உழைப்புக் குறைவை மட்டும் காரணங்காட்ட முடியாது. சக்கைப் பள்ளத்தில் குச்சியைப் பிடித்துவைக்கும் விரலும் அதுதான்.

முதுமையில் தசையும் வலுவும் குன்றும் நிலை சார்கோபீனியா எனப்படுகிறது. ஆசிய மருத்துவர் குழு 2019இல் வகுத்த அளவுகோலின்படி, பெண்ணின் கைப்பிடி 18 கிலோவுக்குக் குறைந்தாலோ, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்துமுறை எழுந்தமர 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலோ ஐயம் கொள்ள வேண்டும். கையை மட்டுமே பழக்கிய தொழிலில் மூப்படைந்தவளுக்கு, இவ்விரண்டில் கடினமானது இரண்டாவதாகவே இருக்கும். வேலை முடிந்து தரையிலிருந்து எழுகையில் அவள் முழங்காலில் கையூன்றிக்கொள்கிறாள்.