மருத்துவ உளவியலாளர் பதிவுத் தகுதி

மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் மையப் பதிவேட்டில் இடம்பெறுவதற்கான கல்வி, பயிற்சி வரையறை. 1992ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கழகச் சட்டம் இதன் அடிப்படை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், கழகம் ஏற்ற நிறுவனத்தில் பெற்ற தகுதியை அல்லது உளவியல் முதுகலையுடன் ஈராண்டு முழுநேர எம்.பில். பட்டத்தை ஏற்கிறது. எம்.பில்.லின் உயிர்நாடி, மூத்தவர் மேற்பார்வையில் நோயாளிகளோடு பெறும் பயிற்சியே. ஏட்டுப்படிப்பு அதற்கு ஈடாகாது. இப்பயிற்சியில் முன்னோடியான பெங்களூரு நிம்ஹான்ஸ், 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் அரசு மனநல மருத்துவமனையும் 1974இல் இணைந்து உருவானது. பதிவின்றித் தொழில் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். சிகிச்சை நாடுவோர் பதிவெண்ணைக் கேட்டுச் சரிபார்ப்பது நல்லது.